அத்தான் மேடை ஏறிய நாள்

அத்தான் மைக் ஸ்டாண்டைத் தூக்கி என் தோளில் இறக்கியபோது கூட்டம் கைதட்டியது. பட்டிமன்றத்தில் இதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். இரண்டாவது அடியில் என் காறையெலும்பு முறிந்தது. மூன்றாவதற்குள் நான்கு பேர் சேர்ந்து அவரை அமுக்கினார்கள்.

மானகிரியில் கோயில் திருவிழா. எண்பத்தேழில் இலங்கைக்கு நம் நாடு அமைதிப்படை அனுப்பியது சரியா, தவறா என்பது தலைப்பு. எந்தக் கட்சியைக் கொடுத்தாலும் வெளுத்து வாங்குகிறவன் நான். அன்று 'சரி' என்ற அணி. முன்வரிசையில் அக்காவோடு இருந்த அத்தானைக் காட்டி, இவரைப் போலத் தமிழ் தெரிந்த வீரர்கள் மொழிபெயர்த்ததால் அங்கே எத்தனையோ உயிர்கள் பிழைத்தன என்று அளந்துவிட்டேன். அந்தப் படையில் போய்வந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டதும் இல்லை.

போலீஸுக்குப் போவேன் என்று ஆஸ்பத்திரியில் குதித்தேன். அக்கா ஜாக்கெட் கையை ஏற்றி, அவர் வைத்த பழைய சூட்டுத் தழும்பைக் காட்டினாள். கேஸ் வேண்டாம், அவரைக் கவுன்சிலிங்குக்குக் கூட்டிப்போ என்றாள். இதையே இரண்டு வருஷத்துக்கு முன்பும் கேட்டிருந்தாள். உட்கார்ந்து பேசினால் சீக்கு போய்விடுமா என்று சிரித்து அனுப்பியவன் நான்தான். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

நான்கு முறை போயும் அத்தான் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் முறை எங்கள் இருவரையும் உள்ளே வரச் சொன்னார். ஆலோசகரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"வாசல்ல ஒரு அம்மா நின்னுச்சு. உள்ள யாருமில்லன்னுச்சு. அதை அப்படியே ஆபீசர்கிட்ட இந்தியில சொன்னேன். ஆளில்லாத வீடுதானேன்னு, நுழையறதுக்கு முந்தி குண்டை வீசிட்டாங்க. உள்ள மூணு பிள்ளைக. எங்களுக்குப் பயந்து ஒளிச்சு வச்சிருக்கு."

சொல்லி முடித்ததும் நெற்றியை மேஜையில் மோதினார். ஆலோசகர் பிடிப்பதற்குள் ரத்தம் வந்துவிட்டது. எனக்கு அழுகை பொங்கியது. என் தோள்வலியெல்லாம் அற்பமாகத் தோன்றியது.

வெளியே வந்து, பேசிவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும், அவரோடு வீட்டுக்குப் போ என்று, திருவிழாவிலிருந்து என் வீட்டிலேயே தங்கிவிட்ட அக்காவிடம் சொன்னேன்.

அவள் அவரை அடுத்த வாரமும் தவறாமல் வரச் சொல்லி, தனியாக பஸ் ஏற்றி அனுப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாவந்தான். எனக்கும் வயிறு எரியுது. ஆனா அந்தக் குண்டை நான் வீசலயே, தம்பி."