மல்லாந்து படுத்த நாட்கள்

திரேஸ்புரம் கரையில் பிளாரன்ஸ் ஏலம் கூறினால் தெருமுனை டீக்கடையில் நிற்கிறவனுக்கும் விலை தெரிந்துவிடும். அப்படி ஒரு குரல். படகு கரையேறி மீனைத் தார்ப்பாயில் கொட்டியதும், சுற்றி நிற்கும் வியாபாரிகளின் முகத்தை ஒரு நோட்டம் விடுவாள். எவனுக்கு அந்த மீன் மேல் ஆசை விழுந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவனைப் பார்த்தே விலையை ஏற்றுவாள். புருஷன் ரெக்ஸ் தோணியில் தண்டலாக, ஆள்களை நடத்துகிற தலைவராக இருந்தவர். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு போனால் திரும்பிவர மாதக்கணக்காகும். அந்த வருஷங்களில் இரண்டு மகன்களை வளர்த்ததும், அவர்களைக் கப்பல் வேலைக்கு அனுப்பியதும் அவள்தான். ரெக்ஸ் ஓய்வுபெற்று வீட்டோடு வந்த பிறகும், அவள் கரைக்குப் போவதை நிறுத்தவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில்தான் நெஞ்சில் அந்தப் பாரம் ஆரம்பித்தது. வாயுதான் என்று சோடா குடித்தாள், ஓமத்தண்ணீர் குடித்தாள். இடது தோள் வலித்தபோது கூடை தூக்கியதால் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு காலையில் சீலா மீன் குவியலுக்கு விலை ஏறிக்கொண்டிருக்கும்போது நடுவில் குரல் நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. உடம்பெல்லாம் வேர்த்து ஊற்ற, பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தாள். கூட நின்று மீன் தரம் பிரிக்கிற தங்கச்சி இசபெல்லா ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள்.

"யக்கா, என்னக்கா செய்யுது?"

"ஒண்ணுமில்லளா. நீ சீலாவ விட்டுராத, அந்தப் பயல் இன்னும் ஏத்துவான்" என்றாள் பிளாரன்ஸ். அடுத்த நிமிஷம் சாய்ந்துவிட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். அங்கிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். கையில் குழாய் விட்டுப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர் ரெக்ஸையும் அவளையும் சேர்த்து உட்கார வைத்துச் சொன்னார்.

"மூணு ரத்தக்குழாய்லயும் அடைப்பும்மா. ஸ்டென்ட் வைக்கத் தோதுப்படாது. நெஞ்சத் திறந்து பைபாஸ்தான் பண்ணணும்."

"திறந்துன்னா?"

டாக்டர் தன் சட்டை மேலேயே விரலால், தொண்டைக்குழியிலிருந்து வயிற்றுக்கு மேல்வரை நேராக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். வாழ்நாளெல்லாம் பாறை மீனும் ஊளி மீனும் வகுந்த கை பிளாரன்ஸுடையது. அந்தக் கோடு என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உடனே செய்யவும் முடியாது என்றார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. கடைவாயில் இரண்டு சொத்தைப்பல். அதிலுள்ள கிருமி இதயத்துக்குப் போய்விடும், முதலில் பல்லைப் பிடுங்கி ஆறவிட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். வீட்டில் காத்திருந்த அந்த நாட்கள்தான் மோசம். மாடி ஏறாதே, குனியாதே, துணி துவைக்காதே, கத்தாதே. தோணியில் ஆள்களை ஏவிய அதே குரலில் ரெக்ஸ் அவளை ஏவினார். மூச்சுப்பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தார்கள். உறிஞ்சினால் முதல் பந்து எழும்பும், இரண்டாவது பாதியில் ஆடும், மூன்றாவது அசையாது. விடிந்ததும் படகு எஞ்சின் சத்தம் கேட்கும். எந்தப் படகு என்று சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? குசினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரெக்ஸ் வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவார்.

பல் ஆறி, சர்க்கரை இறங்கியதும் மறுபடி திருநெல்வேலியில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கழுத்திலிருந்து கால்வரை மழித்துவிட்டார்கள். மருந்துச் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொன்னார்கள். வளையல், மூக்குத்தி எல்லாம் கழன்றது. தாலியைக் கழற்றச் சொன்னபோது ரெக்ஸ் முன்னால் வந்தார். அவரே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். காலிலிருந்து ரத்தக்குழாய் எடுப்போம், நெஞ்செலும்பை அறுப்போம், இதயத்தைக் கொஞ்சநேரம் நிறுத்துவோம், இயந்திரம் ரத்தத்தை ஓட்டும் என்று மயக்க டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பார்வையாளர் நேரம். வார்டு முழுக்க ஆள்கூட்டம். ரெக்ஸ் காப்பி வாங்கப் போயிருந்தார். பிளாரன்ஸ் கட்டிலை விட்டு இறங்கினாள். பின்பக்கம் நாடா கட்டிய ஆஸ்பத்திரிப் பச்சை அங்கி மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு கூட்டத்துக்குள் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. படிக்கட்டு வரை வந்துவிட்டாள். எங்கே போகிறோம் என்று யோசிக்கவே இல்லை. இங்கே இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

கீழிருந்து காப்பியோடு ஏறிவந்தார் ரெக்ஸ்.

"எங்கன போற?"

"வீட்டுக்கு. எனக்கு வேண்டாம். அறுக்காமலே செத்துட்டுப் போறேன்."

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் காப்பியைப் படியில் வைத்தார். "சரி, வா. நானும் வாறேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உன்னால நடக்க முடியாது, ஆட்டோ பிடிப்போம்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகவே கூட்டிக்கொண்டு போய்விடுவார் போலிருந்தது. அந்த மனுஷனும் தன்னை மாதிரியே பயந்துபோய்தான் இருக்கிறார் என்று அப்போது விளங்கியது. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள். காப்பியை அவர் குடித்தார், அவளுக்குக் காப்பி குடிக்க அனுமதி இல்லை. குடித்து முடித்ததும் அவளாகவே எழுந்து வார்டுப் பக்கம் நடந்தாள்.

கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய். கை இரண்டும் கட்டிலோடு கட்டியிருந்தது. நெஞ்சு மேல் யாரோ கல்லை ஏற்றி வைத்த மாதிரி. மேலே வெள்ளை விளக்கு, எங்கும் ஜன்னல் கிடையாது, பகலா இரவா தெரியாது. மிஷின் அதுபாட்டுக்கு மூச்சை உள்ளே தள்ளியது. அவள் வெளியே விட நினைத்தபோதும் அது தள்ளியது. கத்தினாள். ஒரு துளிச் சத்தம் வெளியே வரவில்லை. உயிரோடு பெட்டிக்குள் வைத்துப் புதைத்துவிட்டார்கள் என்றே நம்பினாள். குழாயைக் கடித்தாள். நர்ஸ் ஒருத்தி குனிந்து, "அம்மா, கடிக்காதீங்க. குழாய் இருக்கதாலதான் பேச முடியல. ஆபரேஷன் நல்லா முடிஞ்சிட்டு. அண்ணாச்சி வெளியதான் நிக்காங்க" என்றாள். பிளாரன்ஸ் அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்தாள், விடவில்லை. பிடித்த கையை உருவிக்கொள்ளாமல் அவளும் நின்றாள்.

குழாயை எடுத்த பிறகு காற்று மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. நாள்பட நாள்படச் சரியாகும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தாள். வீடும் ஆஸ்பத்திரியாகத்தான் இருந்தது. நெஞ்செலும்பு கூடும்வரை மல்லாந்துதான் படுக்க வேண்டும். ஆயுசுக்கும் ஒருக்களித்துப் படுத்துப் பழகியவளுக்கு அது தண்டனை. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். இல்லையென்றால் எலும்பு பிளந்துவிடுவது போலிருக்கும். தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது, கதவைத் தள்ளக்கூடாது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தக்கூடாது. ரெக்ஸ்தான் தலை வாரிவிட்டார். வடக்கயிறு முறுக்கிய கை, பின்னத் தெரியவில்லை. ரப்பர் பேண்டில் முடியைச் சேர்த்துக் கட்டிவிட்டு, எட்டநின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார். அவளுக்கு அழுகை வரும். எதற்கென்று தெரியாது. சோறு உப்பில்லை என்று அழுதாள், மகன் போனில் நல்லா இருக்கியா என்று கேட்டதற்கு அழுதாள்.

ஒருநாள் ரெக்ஸ் மருந்துக்கடைக்குப் போன நேரம், கரைக்குப் போகலாம் என்று வாசலைத் தாண்டினாள். தெரு பாதி கூடத் தாண்டவில்லை, கண் இருட்டி, ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள்.

மறுநாள் அவர் வெளியே போனதும் கதவை இழுத்தாள். வெளியே பூட்டியிருந்தது.

முதலில் நம்ப முடியவில்லை. மறுபடி இழுத்தாள், நெஞ்சு சுரீரென்றது. ஜன்னலில் போய், "யாருளா அங்கன?" என்று கூப்பிட்டாள். தெருவில் போன பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையையே கூட்டிய குரல் ஜன்னல் கம்பியைத் தாண்டவில்லை. மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி விளக்கு, மிஷின், கட்டிய கை எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன. கதவடியில் சரிந்து உட்கார்ந்து, தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள்.

ரெக்ஸ் இசபெல்லாவோடு வந்து கதவைத் திறந்தபோது அவள் அங்கேயே இருந்தாள்.

"பூட்டிட்டா போனிய மச்சான்?" இசபெல்லாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"விழுந்து எலும்பு விட்டுப்போனா யாரு பதில் சொல்லுவா?" என்றார் ரெக்ஸ். அவர் குரல் உயர்ந்தது, பிறகு உடைந்தது. "ஆஸ்பத்திரியில கண்ணாடிக் கதவு வழியா இவளப் பாத்தேன் இசபெல்லா. வாயில குழாயோட கெடந்தா. புயல்ல பாய்மரம் முறிஞ்சப்பக்கூட நான் அப்படிப் பயந்ததில்ல. என் கண்ணுக்கு முன்னால இருக்கணும், இல்லன்னா பூட்டுக்குள்ள இருக்கணும். எனக்கு வேற தெரியல."

பிளாரன்ஸ் தரையிலிருந்தே பேசினாள். காற்றுக் குரல்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அங்கன என் கையக் கெட்டியிருந்தாவ. அது எதுக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க எதுக்குக் கெட்டுதிய? இன்னொரு தடவ பூட்டினா, தையல் பிரிஞ்சாலும் சரி, கதவ இடிச்சிட்டுப் போவேன்."

ரெக்ஸ் கையிலிருந்த பூட்டைச் சாவியோடு இசபெல்லாவிடம் கொடுத்து, உன் வீட்டுக்குக் கொண்டுபோ என்றார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருந்தார், வீட்டில்தான் யாருக்கும் தைரியமில்லை. முதலில் தெருமுனை, பிறகு கோவில், பிறகு கரை. மறுபரிசோதனையில் எலும்பு கூடிவிட்டது என்றார்கள். ஒருக்களித்துப் படுக்கலாம் என்று சொன்ன அன்றைக்கு மதியமே படுத்து, பொழுது சாயும்வரை அசையாமல் தூங்கினாள்.

கரையில் இப்போது இசபெல்லாதான் பெரிய படகுகளுக்கு ஏலம் கூறுகிறாள். பிளாரன்ஸுக்குக் குரல் முக்கால்வாசிதான் திரும்பியிருக்கிறது. சின்ன வள்ளங்களின் சாளையும் நெத்திலியும் அவள் பங்கு. விலையை இசபெல்லா அவசரப்பட்டு முடிக்கிறாள் என்று தினம் ஒரு சண்டை நடக்கும். வியாபாரிகள் அதைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாத்திரை வேளைக்கு வேளை. பஸ்ஸில் கூட்டம் நெருக்கினால் இறங்கிவிடுகிறாள். சில மதியங்களில், காரணமில்லாமல், சுவர்கள் கிட்டே வருவது போல அவளுக்கு இருக்கும். செய்கிற வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து வெயிலில் நிற்பாள். ரெக்ஸ் எதற்கு என்று கேட்பதில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். சில நாள் உட்காருவாள். சில நாள் நின்றுகொண்டே இருப்பாள்.