எலக்ட்ரான் ஆடியதா, என் கால் ஆடியதா?

இன்று காலை திரவ ஹீலியம் தொட்டியைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இறக்கிவிட்டு, காலித் தொட்டிக்காகக் காத்திருந்தேன். எனக்குச் சும்மா உட்கார வராது.

அங்கே கவிதா என்று ஓர் ஆராய்ச்சிப் பெண். கண்ணுக்கே தெரியாத கணினிச் சில்லுக்குள் எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்று பார்க்க, ஹீலியத்தின் கடுங்குளிரில் அதன் மேல் மேய்கிற ஓர் ஊசியை அவரே கட்டியிருக்கிறார். இத்தனை மாதமாகத் திரையில் ஒன்றுமே தெரியவில்லையாம்.

இன்று திடீரென்று கத்தினார்.

"அண்ணே, வந்துடுச்சு! அலை அலையா தெரியுது, பாருங்க!"

துள்ளி எழுந்து ஓடினேன். திரையில் அலையைக் காணோம்.

"எங்கம்மா? என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு ஓடிடுச்சா?"

அவர் சிரிக்கவில்லை. என் நாற்காலியையே பார்த்தார். அது ஊசிக் கருவிக்குப் போகிற பம்ப் குழாயில் சாய்ந்திருந்தது.

"அண்ணே, முன்னாடி மாதிரியே போய் உட்காருங்க."

உட்கார்ந்தேன். கால் தானாக ஆடத் தொடங்கியது. அலையும் திரும்பி வந்தது.

"ஐயோ, அது உங்க கால் லா!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார். "புரொஃபசருக்கு வேற மெசேஜ் போட்டுட்டேன்."

"உடனே அழிச்சிடும்மா!"

"படிச்சிட்டாரு அண்ணே. ஓடி வந்துட்டிருக்காரு."

பேராசிரியர் மூச்சிரைக்க உள்ளே வந்து, எலக்ட்ரான் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். கவிதா மறுபடியும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பாவமாக இருந்தது. நானே என் காலைத் தூக்கிக் காட்டினேன்.

இனிமேல் நான் கேண்டீனில்தான் காத்திருக்க வேண்டுமாம். கால் ஆட்டாமல் உட்காரத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.