ஏழாம் மேசையில் இரண்டு பேர்

நேர்முகத் தேர்வில் நான் தேறியது முத்துமாரியைக் காட்டிக் கொடுத்துத்தான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. என் கணவருக்கு இது தெரியாது. முத்துமாரிக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியாது என்பதை நினைக்கும்போதுதான் எனக்குச் சோறு இறங்குவதில்லை...

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

அப்போது நான் ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டுகள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. டிப்ளமோ படித்தவள். படித்தும் ஒப்பந்தம்தான். என் மகளுக்கு ஏழு மாதம். சேரப்பணஞ்சேரியில் எங்கள் அடுத்த வீட்டில் இருந்த நாத்தனாரிடம் அவளை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போவேன்.

ஏழாம் மேசையில், பி ஷிப்ட் என்ற அணியில், நானும் முத்துமாரியும்; வாரத்துக்கு வாரம் வேலை நேரம் மாறும். அவள் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ப்ளஸ் டூ முடித்த கையோடு வந்து, மண்ணூரில் ஐந்து பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள்.

எங்கள் மேசையில் மணிக்கொரு முறை ஒரு சோதனை உண்டு. முனை பொருத்திய வயர் ஒன்றைக் கருவியில் மாட்டி இழுக்க வேண்டும். எவ்வளவு பலத்துக்குத் தாங்குகிறது என்று பார்த்துத் தாளில் எழுத வேண்டும். ஒருத்தி இழுக்க, மற்றவள் பார்க்க, இருவரும் கையெழுத்திட வேண்டும். அதுதான் விதி.

ஆனால் எனக்கு மணிக்கணக்கில் பால் கட்டிக்கொள்ளும். மார் கல்லாகி, வலித்து, பிறகு தானாகவே வழியத் தொடங்கும். நீல நிறக் கோட்டில் இரண்டு ஈர வட்டங்கள்... அதை முதலில் பார்ப்பவள் முத்துமாரிதான்.

"யக்கா, கோட்டு நனைஞ்சிட்டு. சூப்பர்வைசர் வாரதுக்குள்ள போயிட்டு வாங்க. நா பாத்துக்கிடுதேன்."

"டெஸ்ட் நேரம்டி..."

"நாந்தான் இழுக்கப் போறேன், நாந்தான் பாக்கப் போறேன். இழுத்தது ஒருத்தியா ரெண்டு பேரான்னு வயருக்குத் தெரியவா போகுது? போங்கக்கா!"

கழிப்பறைச் சுவரைப் பார்த்து நின்று, பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு வருவேன். என் பிள்ளைக்கான பால்! திரும்பி வரும்போது தாளில் அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கும். அவளே போட்டது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு முறைகூட அவள் சோதனை செய்யாமல் எண்ணை எழுதியதில்லை. இழுத்த வயரைத் தனியே எடுத்து வைத்து, நான் வந்ததும் காட்டுவாள். நான் அதைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பார்த்தேன்.

அந்த ஆண்டு, தரப் பிரிவுக்கு நிரந்தர ஆட்களை எடுக்கப் போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பகல் ஷிப்ட் மட்டும். எங்கள் இருவர் பெயரும் பட்டியலில் இருந்தன. எனக்கு வியாழக்கிழமை நேர்முகத் தேர்வு. அவளுக்கு வெள்ளிக்கிழமை.

எனக்கு அந்த வேலை என்றால் மகளோடு இருக்கும் மாலைநேரம். அவளுக்கோ...

"நெரந்தரம்னு ஒரு தாளு கையில வந்துட்டா, எங்கப்பா கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டாருக்கா. சத்தியம் பண்ணிருக்காரு. இல்லன்னா தையில எங்க மாமாவுக்குக் கட்டி வச்சிருவாக."

அந்த மாமாவுக்கு அவளைப்போல் இரண்டு மடங்கு வயது. முதல் மனைவி இறந்துபோயிருந்தாள். குடிப்பழக்கம் வேறு. அதைச் சொல்லும்போது மட்டும் முத்துமாரியின் முகத்தில் சிரிப்பு இருக்காது.

கேன்டீனில் எனக்குப் பயிற்சி கொடுத்தவளும் அவள்தான். நாற்காலி மாற்றி நாற்காலி உட்கார்ந்து, தேர்வாளர்கள் எல்லோரும் தானே ஆவாள். குரலைத் தடிப்பாக்கி, "ஒங்க பலவீனம் என்ன மேடம்?" என்றாள்.

"கோபம் சார்."

"அய்யய்யோ! கோவம்னா யூனியன்ல சேந்துருவான்னு நெனைச்சிருவாகக்கா. வேலையில எறங்கிட்டா சாப்புடக்கூட மறந்துருவேன் சார்னு சொல்லுங்க."

மூன்றாவது வடையை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

வியாழக்கிழமை அறைக்குள் நான்கு பேர் இருந்தார்கள். மனிதவளத் துறை மேடம், உற்பத்தி மேலாளர், தரப் பிரிவின் தலைவர். நான்காமவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த வயதானவர். அவர் பேசவே இல்லை.

"குழந்தை ரொம்பச் சின்னது இல்லியா? யார் பாத்துக்கறாங்க? மாசம் எத்தனை லீவ் போடுவீங்க?"

மேடத்தின் இந்த முதல் கேள்விக்கே தடுமாறினேன். ஏதோ உளறினேன். உற்பத்தி மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனா ஒன்று மூடப்பட்டது. தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று என் உடம்பு முழுவதும் தெரிந்தது.

அப்போதுதான் தரப் பிரிவுத் தலைவர் கேட்டார். "ஒரு தப்பு நடக்கறத பாத்து, நீங்க சரி பண்ண சம்பவம் ஒண்ணு சொல்லுங்க. நிஜமா நடந்ததா இருக்கணும்."

வயர் நிறம் மாறி வந்த பெட்டியின் கதையைச் சொன்னேன். முத்துமாரி சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்தது.

"இதையே காலைலருந்து மூணு பேர் சொல்லிட்டாங்கம்மா. வேற?"

வேறு...

நான் யோசித்தேனா? யோசித்துத்தான் சொன்னேனா? நான்கு ஆண்டுகளாக இதையேதான் கேட்டுக்கொள்கிறேன்.

"எங்க டேபிள்ல சார்... டெஸ்ட் ஷீட்ல, ஒருத்தங்களே ரெண்டு பேர் கையெழுத்தும் போட்டிருந்தத பாத்தேன்."

கடிகாரத்தைப் பார்த்தவர் தலை நிமிர்ந்தார். மூடிய பேனா திறந்தது.

"எந்த டேபிள்?"

"ஏழு சார். பி ஷிப்ட்."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"ரெஸ்ட் ரூம் போயிருந்தேன் சார்."

"டெஸ்ட் பண்ணாங்களா, சும்மா நம்பர் போட்டாங்களா?"

இங்கேதான்! இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைப் பார்க்க வேண்டும். 'பண்ணினாங்க சார், இழுத்த வயரை நானே பார்த்தேன்' என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்.

"தெரியாது சார்," என்றேன்.

"அப்புறம்?"

"கூப்பிட்டு எடுத்துச் சொன்னேன் சார். அதுக்கப்புறம் அப்படி நடக்கல."

அவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். "கூட வேலை செய்யறவங்கன்னு பாக்காம பேசறாங்க. குவாலிட்டிக்கு இந்த மாதிரி ஆள்தான் வேணும்."

எனக்குள் ஏதோ ஒன்று மலர்ந்தது. ஆம், மலர்ந்தது. அதை மறைத்தால் இந்த வாக்குமூலத்துக்கே பொருளில்லை. அதற்குப் பிறகு எல்லாக் கேள்விகளுக்கும் விடை வந்தது. வராத ஆங்கிலமும் வந்தது. பேசாதிருந்த முதியவர்கூடப் புன்னகைத்தார். நான்கு பேர் என்னை மதித்துக் கேட்கிறார்கள்... என் வாழ்க்கையில் அப்படி ஒரு கால்மணி நேரம் அதற்கு முன்பு இருந்ததில்லை.

நான் பெயரைச் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டேன். பெயரைச் சொல்லவில்லையே! ஆனால் ஏழாம் மேசையில், பி ஷிப்டில், நின்றது இரண்டு பேர்தான். அதில் ஒருத்தி அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் முத்துமாரி தன் தேர்வுக்காகத் தலையை அழுந்த வாரி, புதுச் சுடிதார் போட்டு வந்திருந்தாள். வாசலில் அவளுடைய அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. இரண்டு முறை, மூன்று முறை தேய்த்தாள்.

"இன்னாமே தேய்ச்சிக்கினே கீற? உன் பேர எடுத்துட்டாங்கோ. காண்ட்ராக்டர் ஆபீசாண்ட போய் கேளு," என்றார் காவலர்.

அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மெஷினுக்கும் என்னைய மறந்துட்டு போலக்கா. நீங்க உள்ள போங்க, நேரமாகுதுல்லா. பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூன்னு மட்டும் மேடத்துட்ட சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். என் அட்டைக்குக் கதவு திறந்தது. உள்ளே போனேன்.

சொல்லவில்லை.

அன்று மாலை தொலைபேசியில் அழைத்தாள். அழுது முடித்த குரல்.

"தாளுல கையெழுத்துத் தப்பாம்க்கா. யாரோ போட்டுக் குடுத்துருக்காக. ஆறாம் மேசை தேவியாத்தான் இருக்கும். அவளுக்குத்தான் நம்ம மேல எப்பவும் கண்ணு."

"இருக்கும்," என்றேன்.

ஒரு குற்றத்தோடு நின்றேனா! அந்த ஒரு சொல்லை நம்பி முத்துமாரி தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்ல, எதுவும் அறியாத தேவியோடு எங்கள் லைனில் பாதிப் பேர் பேசுவதை நிறுத்தினார்கள். அவள் கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"நீங்க அந்நேரம் எங்க போனீகன்னு கேட்டாகக்கா. எனக்குத் தெரியாதுன்னுட்டேன். பால் விசயமெல்லாம் அவனுககிட்ட எதுக்கு..."

பாப்பா அழுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரத்தில் எனக்கு நியமன ஆணை வந்தது. "பகல் ஷிப்டா? கொயந்த தப்பிச்சிது போ! இனிமேனாச்சும் உன் மூஞ்சிய பாத்தா அம்மான்னு கண்டுக்கும்," என்றாள் நாத்தனார். தெருவுக்கே கேசரி கொடுத்தோம்.

மண்ணூர் அறையைக் காலி செய்யும் முன் முத்துமாரி கடைசியாக ஓர் உதவி கேட்டாள். "நீங்க இப்ப அந்த சாருக்குக் கீழதான இருக்கீக. ஒரு வார்த்த சொல்லிப் பாருங்கக்கா. நா டெஸ்டு பண்ணாம எழுதலன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத்தான் தெரியும்...

தரப் பிரிவுத் தலைவரின் இருக்கை என் இருக்கையிலிருந்து பத்தடி. கோப்புகளை எடுத்துக்கொண்டு மூன்று நாள் போனேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். உண்மையைச் சொன்னால், 'அன்று தெரியாது என்றாயே' என்பார். எனக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். வீட்டில் குழந்தை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்பவளும் தாய்தானா?

நான்காம் நாள் அவளை அழைத்தேன்.

"கேட்டேன்டி மாரி. எவ்வளவோ சொன்னேன். முடியவே முடியாதுன்னுட்டாரு."

"ரொம்ப ஏசிட்டாராக்கா?" என்றாள். "எனக்காவ நீங்க பேச்சு வாங்காதீக. விடுங்க. பாப்பா தவழ ஆரம்பிச்சிட்டாளா?"

தை மாதம் அவளுக்குத் திருமணம் நடந்தது. மாமாவோடுதான். பத்திரிகை வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி நான் போகவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். சொன்னால் அவளுக்கு என்ன கிடைக்கும்? எனக்குத்தான் பாரம் குறையும். அல்லது, இதுவும் நான் கண்டுபிடித்துக்கொண்ட சாக்கா? தெரியவில்லை.

பண்டிகை நாட்களில் அவள் இன்னும் அழைக்கிறாள். பின்னால் ஓர் ஆண்குரல் உயர்ந்தால் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "ஒண்ணுமில்லக்கா, அவுக இன்னிக்கு அப்படி," என்பாள்.

சென்ற தீபாவளிக்கு அழைத்தபோது பக்கத்தில் யாரோ ஒரு பெண் இருந்தாள். முத்துமாரி அவளிடம் பெருமையாகச் சொல்வது எனக்குக் கேட்டது.

"மெட்ராஸ் அக்காடி. நாஞ் சொல்லுவேன்லா... எனக்காவ மேனேசரோட சண்ட போட்டாகன்னு, அவுகதான். இந்தா, ஒரு வார்த்த பேசு."

அந்தப் பெண் ஃபோனை வாங்கினாள். "ஒங்களப் பத்திச் சொல்லாத நாளில்லக்கா இவ," என்றாள்.

"அப்படியா," என்றேன். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றேன்.