கஞ்சி போட்ட காக்கி

கட்டில் மேல் என் துணிகள், மூன்று குவியலாக. ஒன்று வைத்துக்கொள்ள, ஒன்று பிடித்துத் தைக்க, ஒன்று கொடுத்துவிட. இது என் மகளின் ஏற்பாடு. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவள். எதையும் பிரித்து அடுக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. "அம்மா, இன்னிக்குள்ள முடிச்சிடு. சாயந்தரம் வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டு, போனும் கையுமாக உள்ளே போய்விட்டாள்.

நான் இளைத்துவிட்டேன். வாழ்நாள் முழுக்கக் குண்டாக இருந்தவளுக்கு இதைச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. ரவிக்கை தோளில் நிற்க மாட்டேன் என்கிறது. சர்க்கரைக்காக நடந்து நடந்து குறைத்தது பாதி. மீதிப் பாதி தானாகக் குறைந்தது. அந்த மீதிக்காக டாக்டர் ஏதோ டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். ரிசல்ட் இன்னும் வரவில்லை. மகள் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. துணியைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் நிறையப் பேசுகிறோம்.

குவியலின் அடியில் ஒரு காட்டன் புடவை. எப்போதோ கஞ்சி போட்டு மடித்து வைத்து, மறந்தே போனது. பிரித்ததும் லேசாக ஒரு புளித்த வாசனை வந்தது பாருங்கள், நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நைனாவின் காக்கிச் சட்டை வாசனை அது. டீசல் மட்டும்தான் குறை.

நைனா என்று நாங்கள் கூப்பிட்ட என் அப்பா பஸ் டிரைவர். எழுபதுகளில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காலம் வரை எங்கள் வீட்டு ஆண்கள் இன்னொருவர் கழனியில் குனிந்தே முதுகு வளைந்தவர்கள். அரையில் ஒரு துண்டுக்கு மேல் அவர்களுக்குத் துணி இருந்ததில்லை. அந்த வம்சத்தில் பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் நைனா. நல்ல குண்டு. ஸ்டியரிங்குக்கும் அவர் தொப்பைக்கும் நடுவே காற்று போகாது. "குண்டு டிரைவர் வண்டி வருது" என்று கல்பாக்கம் வேலைக்குப் போகிறவர்கள் முன்னால் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். கனமான ஆள் ஓட்டினால் வண்டி கவிழாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது.

முதலாளியும் அப்படித்தான். காலையில் ஷெட் வாசலில் நின்று, டிரைவரை ஏற இறங்கப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பார். மெலிந்துபோய் இருமிக்கொண்டிருந்த ஒரு டிரைவரை, "ஜனங்க பயப்படறாங்கய்யா, ஒடம்பப் பாத்துக்கோ" என்று தன்மையாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த ஆள் திரும்பி வரவேயில்லை. இளைத்தால் டி.பி. என்று ஊரே நினைக்கிற காலம். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூட மாட்டோம். 'அந்த வியாதி' என்போம், அதுவும் மெதுவாக.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் நைனா இளைக்க ஆரம்பித்தார். முதலில் பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்டார். வெயிலுக்கு வற்றுது என்றார். அப்புறம் இன்னொரு ஓட்டை. கால்சட்டை இடுப்பில் கொசுவம் வைத்த மாதிரி சுருங்கிக்கொண்டது. சட்டைத் தோள் முழங்கை பக்கம் இறங்கியது. குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பார். கழுக்குன்றத்தில் வண்டி நின்றால், கண்டக்டர் காதர் ஓடிப்போய் கலர் சோடா வாங்கி வந்து கொடுப்பார். நைனா ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவார்.

உடம்பைத் தேற்ற அம்மா கங்கணம் கட்டிக்கொண்டாள். எள்ளுருண்டை, வெல்லம் போட்ட கேழ்வரகுக் களி, வாழைப்பழம், காலையும் மாலையும் சர்க்கரை தூக்கலாகப் பால். நைனாவும் சமர்த்தாகச் சாப்பிடுவார். தின்னத் தின்ன மெலிந்தார். கொல்லைப்புறத்தில் எறும்பு மொய்த்தது. "வெல்லத்த எறைச்சிகினே திரியறியா, எரும" என்று அம்மா என்னைத்தான் திட்டினாள்.

அப்போது நான் பஜார் மாடியில் தையல் வகுப்பு முடித்துவிட்டு, வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். தையல்காரி என்று சொல்லிக்கொள்வேன். நான் தைத்த முதல் ரவிக்கையில் கை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. போட்டுக்கொண்டவளுக்கு அதைக் கழற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இருந்தாலும் காக்கிச் சட்டையைப் பக்கவாட்டில் பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அளவாக இருந்தால் இளைத்தது தெரியாது என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாள் மத்தியானம் நைனாவின் சட்டையை விரித்துப் போட்டு, சாக்குக்கட்டியால் கோடு இழுத்துவிட்டேன்.

அம்மா எங்கிருந்து பார்த்தாளோ, ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"கத்திரிய கீழ வெய்டி. உசுரோட கீற மனுசன் துணிய வெட்டுவியா?"

"லூசா கீதும்மா. மொதலாளி பாத்தா இன்னா ஆவும்?"

"வெட்டிட்டா அப்புறம் ஒடம்பு எங்க வந்து ஒக்காரும்? எடம் வேணாமா?"

எனக்குக் கோபமாக வந்தது. அவள் பிடியை விடவில்லை. எங்கள் பக்கம் செத்தவர் துணியைத்தான் அப்படியே எடுத்து வண்ணாருக்குக் கொடுப்பார்கள், கிழிப்பார்கள், வெட்டுவார்கள். இருக்கிறவர் துணியில் கை வைப்பது அவளுக்கு அவர் கழுத்தில் கை வைப்பது. கத்திரியை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள். என் ரவிக்கை வேலையும் அத்தோடு நின்றது.

அவளுக்கு வேறு யோசனை இருந்தது. அதுவரை சோற்றுக் கஞ்சியில் முக்கிக்கொண்டிருந்த காக்கியை, ஜவ்வரிசி காய்ச்சிய கெட்டிக் கஞ்சியில் முக்கினாள். வெயிலில் காய்ந்ததும் கரிப்பெட்டி வைத்துத் தேய்த்தாள். சட்டை பலகை மாதிரி ஆனது. கழற்றிக் கீழே வைத்தால் தானாக உட்காரும். உள்ளே நைனா இரண்டு பனியன் போட்டு, இடுப்பில் ஒரு பழைய லுங்கியைச் சுற்றிக்கொண்டார். மேலே காக்கி. தூரத்தில் பார்த்தால் பழைய குண்டு டிரைவர்தான். பக்கத்தில் வந்தால் கழுத்து மட்டும் யாருடையதோ மாதிரி இருக்கும்.

தினமும் அவர் ஷெட்டுக்குப் போனதிலிருந்து, பஸ் ஆரன் எங்கள் தெரு முனையில் கேட்கிற வரைக்கும் அம்மா அடுப்பு பற்றவைக்க மாட்டாள். ஆரன் கேட்டால் சாவி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வரும்.

ஒரு நாள் காலை முதலாளி நைனாவின் தோளில் கை வைத்திருக்கிறார். பக்கத்தில் நின்றிருந்த காதர் அதை எங்கள் வீட்டு வாசலில் வந்து நடித்தே காட்டினார்.

"'இன்னாய்யா, சட்ட இவ்ளோ மொடமொடன்னு கீது'ன்னாரு. எனக்கு ஈரக்கொல நடுங்கிடுச்சு. அண்ணாத்த அசையல. 'வூட்டுல புதுசா கஞ்சி போடறாங்க மொதலாளி'ன்னாரு. அவரும் சிரிச்சிட்டு சாவிய குடுத்துட்டாரு."

நடித்து முடித்ததும் காதர் சிரிக்கவில்லை. "அக்கா, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க. எனக்கு பேஜாரா கீது" என்றார் அம்மாவிடம். அம்மா தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்களே என்று அவளுக்கு பயம். எனக்கும்தான்.

அக்கினி நட்சத்திரம் வந்தது. செங்கல்பட்டு வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொளவாய் ஏரி மேல் வருகிற காற்றுகூட அனலாக வரும். அந்த வெயிலில் இரண்டு பனியன், ஒரு லுங்கி, ஜவ்வரிசிக் காக்கி, முன்னால் கொதிக்கிற எஞ்சின். ஒரு நாள் காலையில் நைனா சாப்பிடாமல் கிளம்பினார். அம்மா ஒரு துணிப்பையை என் கையில் திணித்தாள். கத்திரி ஒளிவதற்கு முன்பே தைத்து முடித்திருந்த, மாமல்லபுரத்து வாடிக்கைக்காரியின் ரவிக்கைகள். "நீயே போயி குடுத்துட்டு வா. நைனா பக்கத்துல ஒக்காரு" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தேன். கழுக்குன்றம் வரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் பார்த்தேன், நைனாவின் முதுகில் கஞ்சி கரைந்து வழிந்தது. வெள்ளையாக, கோடு கோடாக. பிடரியிலிருந்து வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்கினார். தலையை உதறினார். மறுபடியும் கசக்கினார். எதிரே சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. நைனா அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"நைனா!" என்று கத்தினேன்.

வண்டி சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. பனைமரத்தின் காய்ந்த மட்டை ஜன்னலில் சரசரவென்று உரசிக்கொண்டு போனது. லாரிக்காரன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே போய்விட்டான். கொஞ்ச தூரத்தில் பக்கிங்காம் கால்வாய்ப் பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர். பின்னாலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு காதர் வந்தார்.

"அண்ணாத்த, மெதுவா. பாலம் தாண்டிட்டா ஊருதான். ஓட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

நைனா பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார். கடல் பக்கமிருந்து வந்த உப்புக் காற்று மட்டும் கேட்டது. கீழே இறங்கி ரோட்டில் நின்று, பொத்தானை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். சட்டையைக் கழற்றினார். பனியன்களைக் கழற்றினார். இடுப்பு லுங்கியை உருவி எடுத்தார். பஸ் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. விலா எலும்பெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. இவர்தானா என் நைனா? வீட்டில் தினம் பார்க்கிற நாங்களே அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"கண்ணு தெரியல காதரு" என்றார். "இத்தினி உசுர வெச்சிகினு பாலத்துல ஏற மாட்டேன். அடுத்த வண்டில எல்லாரையும் ஏத்தி வுடு."

யாரும் கத்தவில்லை. திட்டுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். மீன்கூடைக்காரம்மா ஒருத்தி இறங்கி வந்து, தன் தூக்குவாளித் தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள். "இந்த ஒடம்ப வெச்சிகினா இத்தினி நாளு ஓட்டுன, பாவி மனுசா" என்றாள். நைனா குடித்தார். ரவிக்கைப் பையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அந்த வியாதி இல்லை. சர்க்கரை. பெரியாஸ்பத்திரி டாக்டர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "அவரு ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதாம்மா?" அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெல்லக் களியும் எள்ளுருண்டையும் அவள் கண் முன்னால் வந்திருக்கும். ரொம்ப நாளைக்கு அவள் வெல்லப் பானையைத் தொடவில்லை.

முதலாளிக்குத் தெரிந்துபோனது. ஆனால் அவர் நைனாவை விரட்டவில்லை. பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தின ஆளை வெளியே அனுப்ப மனசு வரவில்லை என்று காதரிடம் சொன்னாராம். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் நாற்காலி கொடுத்தார். வெள்ளைச் சட்டை போட்டால் போதும். காக்கிக்கு இனி வேலையில்லை.

இப்போதுதான் உண்மையான சிக்கல். டிரங்குப் பெட்டி நிறையக் காக்கி. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவள் தெருவில் வந்தாள். அம்மா ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள். மறுபடி போனாள். பாத்திரக்காரி, "இன்னா ஆயா, கண்ணாமூச்சி ஆடறியா?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கடைசியில் நைனாதான் சொன்னார். "காதரு டிரைவர் லைசென்சு எடுத்துட்டான். அவனுக்குக் குடு."

அம்மா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து கத்திரியை எடுத்து வந்து மிஷின் மேல் வைத்தாள். "வெட்டு" என்றாள். காதர் அளவுக்கு நான் வெட்டினேன். கை நேராகவே வந்தது. அப்புறம் பல வருஷம், நைனா நாற்காலியில் உட்கார்ந்தபடி, தன் சட்டை பஸ் ஓட்டிக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு செட்டை மட்டும் அம்மா தரவில்லை. என் கையிலிருந்து பிடுங்கி, பெட்டியின் அடியில் வைத்தாள். "இது இருக்கட்டும். ஒடம்பு திரும்ப வந்தா?" என்றாள்.

வரவில்லை. நைனா ஒல்லியாகவே ரொம்ப காலம் இருந்துவிட்டுப் போனார். கோடையில் ஒரு முறை அம்மா அந்தக் காக்கியை எடுத்து வெயிலில் போட்டு, உதறி, மடித்து உள்ளே வைப்பாள். அவர் போன அன்று துணிமணியெல்லாம் கொடுக்கிறபோது, யாரும் சொல்லாமல் அவளே போய் அதை எடுத்து வந்து மேலே வைத்தாள். அதன் பிறகு அவள் கஞ்சியே காய்ச்சவில்லை.

அந்த பஸ் கம்பெனி இல்லை. ஷெட் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். காதர் இல்லை. கரிப்பெட்டி இல்லை, பழைய துணிக்குப் பாத்திரம் என்ற குரல் இல்லை. மாமல்லபுரத்துக்கு இப்போது ஏ.சி. கார்கள் பறக்கின்றன, பாலத்தில் யாரும் நிறுத்துவதில்லை.

இதையெல்லாம் என் மகளிடம் நான் சொன்னதே இல்லை. அவளுடைய உலகத்தில் அந்தப் பயமெல்லாம் ஒழிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சாயங்காலம் வண்டி வந்து மூட்டையை எடுத்துக்கொண்டு போனது. நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது அவள் பீரோவை அவசரமாக மூடினாள். இடுக்கில் என் அகலமான பச்சை ரவிக்கையின் முனை மாட்டிக்கொண்டிருந்தது. கொடுத்துவிடுகிற குவியலில் நானே போட்டது.

"இது எதுக்குடி?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. முனையை உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னாள்: "இருக்கட்டும்மா. ஒடம்பு திரும்ப வந்தா?"