அக்காவின் பெயரில் இருந்த இணைப்பு

மூன்று வருடங்களுக்கு முன், விடாமல் மழை பெய்த ஒரு மாதத்தில், கேரளத்து வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நடந்தது இது. என் கணினி வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று நிறுவனம் சொன்னதும், கொச்சியிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தேன்.

இணைய கேபிள் ரோட்டோர வீடு வரைதான் வரும். அந்த வீட்டு அக்காவின் பெயரில் ஓர் இணைப்பு. அங்கிருந்து வயர் இழுத்து எங்கள் வீட்டுக்கும் எடுத்திருந்தோம். லயத்தில் தண்ணீரும் அப்படித்தான் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு வரும் என்பதால் யாரும் அதை யோசிக்கவில்லை.

அப்போது எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. உலகத்தில் சிலர் தாங்கள் யாரென்று காட்டிக்கொள்ளாமல் இணையத்தில் பேசவேண்டியிருக்கிறது. உண்மையை எழுதப் பயப்படுகிறவர்கள், புருஷனிடம் அடி வாங்குகிறவர்கள். அவர்கள் அனுப்புவது தன்னார்வலர்கள் சிலரின் கணினிகள் வழியாகக் கைமாறிப் போகும். நடுவில் இருக்கும் கணினிக்குத் தொந்தரவில்லை. கடைசிக் கணினியின் முகவரிதான் வெளியே தெரியும்; யார் எதை அனுப்பினாலும் அங்கிருந்து போனதாகவே இருக்கும். அதை மட்டும் வீட்டு இணைப்பில் வைக்காதீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். படித்துவிட்டும் என் கணினியை அப்படிக் கடைசிக் கணினியாக வைத்தேன். லயத்தில் ஒருத்தருக்கும் புரியாத பெரிய சேவை செய்கிறேன் என்று மிதப்பு வேறு.

அக்கா கணவரை இழந்தவர், இரண்டு பெண் பிள்ளைகள். வெளிநாட்டில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து, போலீஸ் நற்சான்றுக்காகக் காத்திருந்தார். மூத்தவளின் நர்சிங் படிப்பு அதை நம்பித்தான் இருந்தது.

ஒருநாள் காலை ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. அக்கா பெயரில் இருக்கும் இணைப்பிலிருந்து யாருக்கோ கொலைமிரட்டல் போயிருக்கிறதாம். அக்கா நேராக என்னிடம்தான் ஓடி வந்தார்.

"தம்பி, மெயிலுங்காங்க, என்னென்னமோ சொல்லுதாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. நீ படிச்சவன், கூட வாயேன்."

யாரோ என் கணினி வழியாக அனுப்பிய மிரட்டல் அது என்று கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு கூடப் போனேன்.

வேறு யாராவது இந்த இணைப்பைப் பயன்படுத்துகிறார்களா என்று அதிகாரி மலையாளத்தில் கேட்டார். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தானும் பிள்ளைகளும் மட்டும்தான் என்றார். அதையே எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள்.

திரும்பும்போது ஜீப்பில் என் காதருகே குனிந்து சொன்னார்: "வயர் குடுத்தத சொன்னா லைன வெட்டிருவாங்கல்ல. உன் சோலி போயிருமே தம்பி."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். மறுநாளே போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. நான்கு நாள் ஆனது. சோதனைக்கென்று பிள்ளைகளின் போனை வாங்கிப் போனார்கள். மூத்தவள் வாசலில் நின்று அழுததைப் பார்த்த பிறகுதான் கணினியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

விளக்கிச் சொல்லிப் புரியவைக்க ஒரு பகல் முழுக்க ஆனது. மிரட்டியது நாங்கள் இல்லை என்று கடைசியில் தெளிவானது. ஆனால் அக்கா சொன்ன பொய், கையெழுத்தோடு கோப்பில் இருந்தது. விசாரணை முடியும்வரை நற்சான்று வரவில்லை. அதற்குள் அந்த வெளிநாட்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

கணினியோடு ஸ்டேஷனுக்குப் போய் வந்த அன்றே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அன்னிக்கு என் பக்கத்துலதான உக்காந்திருந்த?"



அக்கா இப்போதும் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறார். மூத்தவள் படிப்பை விட்டுவிட்டு ஜவுளிக்கடைக்குப் போகிறாள். வயரை அக்கா பிடுங்கவில்லை, நானேதான் கழற்றினேன். வழியில் பார்த்தால் "சாப்ட்டியா தம்பி" என்று கேட்பார். நின்று பேச எனக்குத்தான் தைரியம் வருவதில்லை.

முகம் தெரியாத யாரோ பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தது தப்பென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்காக அக்காவின் பெயரை அவரைக் கேட்காமலே பணயம் வைத்துவிட்டு, அவர் எனக்காகப் பொய் சொன்னபோது பக்கத்திலேயே ஊமையாக உட்கார்ந்திருந்தேனே, அதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.