அறுபதை எழுபத்தைந்தாக்கிய ஸ்டூடியோக்காரர்

தானாகக் கெட்டுப்போகும் கம்ப்யூட்டரை நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தவன் பட்டினிதான் கிடப்பான். நமக்குச் சோறு போடுவது, நன்றாக ஓடுவதை நோண்டுகிறவர்கள். ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அலையும் சக துன்பசாலிகளே, உங்கள் ஊரிலும் ஒரு ராமமூர்த்தி அண்ணன் இருப்பார். எங்கள் கும்பகோணத்தில் இருப்பவர் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்காரர்.

கம்பெனிக்காரன் சதி

அவருடைய மானிட்டர் விநாடிக்கு அறுபது தடவை படத்தைப் புதுப்பிக்கும். அதைச் செலவில்லாமல் எழுபத்தைந்து ஆக்கலாம் என்று யூடியூபில் எவனோ சொல்லிவிட்டான். அறுபதுக்குத்தான் செய்திருக்கிறார்கள், விட்டுவிடுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன்.

"நெல்லு போடுற எடத்துலயே எடைக்குச் சண்டை போட்ட குடும்பம் தம்பி எங்களுது. கம்பெனிக்காரன் அமுக்கி வச்ச பதினஞ்சை விட்டுக் குடுப்பமா?"

புடவையில் ஓடிய கோடு

முதலில் எழுபத்திரண்டு வைத்தார். திரையில் குறுக்கே கோடு கோடாக மின்னியது. கேபிளை மாற்றிப் பார்த்தேன், போகவில்லை. மறுபடி அறுபதுக்கு இறக்கியதும் பளிச்சென்று ஆகிவிட்டது. இடையில் வந்த கல்யாண வீட்டாருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பொண்ணு புடவைல ஜரிகை ஜொலிக்குதுன்னேன். சந்தோஷமா போனாங்க."

வெள்ளிக்கிழமை காலை

"திரை கறுத்துப்போச்சு, ஓடி வாங்க!" என்று போன். மனிதர் எழுபத்தைந்தே வைத்துவிட்டார். போனால், காதர் பாயும் அவர் மகள் ஆயிஷாவும் கவலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். புது மணப்பெண், மதியம் வேன் ஏறி, திருச்சியிலிருந்து துபாய்க்குப் பறக்க வேண்டும். அதற்குள் படங்களைப் பொறுக்கித் தராவிட்டால், ஆல்பம் அவள் அடுத்த வருஷம் திரும்பி வந்த பிறகுதான். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

சிபியூவில் கை வைக்கப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்: ராகுகாலம் பிறந்துவிட்டதாம். பன்னிரண்டு மணி வரை, ஒன்றரை மணி நேரம், எல்லோரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காதர் பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிப் போனார். அண்ணன் மட்டும் அசையவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் சேஃப் மோடில் ஏற்றி, எழுபத்தைந்தை அழித்தேன். படம் வந்தது. வாசலில் வேன் ஹாரன் அடிக்க அடிக்க ஆயிஷா பரபரவென்று படங்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. திரை கறுத்தால் சும்மா இருங்கள், "இந்த மாற்றம் வேண்டுமா" என்று கம்ப்யூட்டர் கேட்கும், பதில் வராவிட்டால் பதினைந்து விநாடியில் தானே பழையபடி ஆகிவிடும். நீங்கள்தான் கண்ட பட்டனையும் தட்டி, தெரியாமல் "வேண்டும்" என்று சொல்லிவிட்டீர்கள் என்று விளக்கினேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பதினஞ்சு செகண்டா! அவ்வளவு நேரம் எவன் தம்பி சும்மா உக்காந்திருப்பான்?"

அன்றிலிருந்து எந்த வாடிக்கையாளரிடமும் பதினைந்து விநாடி பொறுங்கள் என்று நான் சொல்வதில்லை. இப்போது ராகுகாலம், எதையும் தொடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.