மூடி வைத்த விரிசல்

முட்டுக்காட்டில் எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, படுக்கையறை சீலிங்கில் விரிசல் விட்டிருந்தது. கொத்திப் பூச மேஸ்திரியை வரச் சொன்னபோது, என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல எதையும் இடிக்கக் கூடாது" என்றார் என் நாத்தனார்.

"அப்ப ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிடலாம்கா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் மேஸ்திரி. படித்த நானும் தலையாட்டினேன். அறை வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தது.

பேரன் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குளிப்பாட்டுவதற்காக மகள் அவனைத் தூக்கிக்கொண்டு போன சற்று நேரத்தில் அறையில் பெரும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அவன் படுத்திருந்த மெத்தை முழுக்க கான்கிரீட் துண்டுகள், சீலிங் அட்டையோடு பெயர்ந்து கிடந்தன.

"கொழந்தைக்குத்தான் ஒண்ணும் ஆவலையே, வுடும்மா" என்றார் நாத்தனார். மகள் அன்று மாலையே மறைமலைநகரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மிச்ச அட்டையையும் கழற்றி, துருவைச் சுரண்டி, புதிதாகப் பூசிவிட்டோம். இனி வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவளை வேறு இடத்தில் தங்கவைத்துவிட்டு இடிப்பேனே தவிர, பழுதை மூட மாட்டேன்.

"எல்லாம் சரி பண்ணியாச்சு, வாடி" என்று மகளைக் கூப்பிடுகிறேன்.

"நீயே வந்து கொழந்தையப் பாத்துட்டுப் போம்மா" என்கிறாள்.